வளைவில் இறங்கிய முதல் கூண்டு

மனு எழுதுவதில் ஹெட்கிளார்க்கை மிஞ்ச அந்த ஊரில் ஆள் கிடையாது. முப்பத்தாறு வருடம் பத்திரப் பதிவு அலுவலகத்தில் குப்பை கொட்டியவர். அடுத்தவர் எழுதியதில் ஓட்டை தேடித் தேடியே கண்ணாடி தடித்துப்போனது. ஓய்வு பெற்றுச் சொந்த ஊருக்கு வந்து இரண்டு வருடம் ஆகியும் யாரும் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, ஹெட்கிளார்க்தான். அப்பேர்ப்பட்டவர் வாழ்நாளில் முதல் தடவையாகத் தனக்கென்று ஒரு மனு எழுதினால் சும்மாவா இருக்கும்? எட்டுப் பத்தி, மூன்று இணைப்பு, அறுபத்துமூன்று கையெழுத்து. ஆற்று வளைவில் நண்டுக்கூண்டு போடுவதை அடியோடு தடை செய்ய வேண்டும் என்பது கோரிக்கை.

அந்த வளைவில் கூண்டு போடுகிறவர் மொத்தமே ஒருத்திதான். அவருடைய சொந்த அக்கா.

"உங்க அக்காகிட்ட ஒரு வார்த்தை சொன்னீங்களா?" என்று மனைவி கேட்டாள், மனுவை உறையில் போட்டு ஒட்டிக்கொண்டிருந்தபோது.

"சொல்லணும். சொல்றேன்."

"எப்போ? தடை வந்து அவங்க கரையில உட்கார்ந்ததுக்கு அப்புறமா?"

"இதுல அக்கா தங்கச்சின்னு பார்க்க முடியாதும்மா. இது பொது விஷயம்."

பொது விஷயம் என்று இவர் வாயைத் திறந்தாலே உள்ளே ஏதோ சொந்த விஷயம் பதுங்கியிருக்கிறது என்பது முப்பத்தைந்து வருடம் குடித்தனம் நடத்தியவளுக்குத் தெரியாதா? அவள் பசைக் குப்பியை மூடி அலமாரியில் வைத்துவிட்டுப் போனாள்.

விஷயம் இதுதான். கடலுக்குள் விழுவதற்கு முன்னால் ஆறு ஓர் இடத்தில் சோம்பல் முறிக்கிற மாதிரி வளைகிறது. கடல்தண்ணீர் ஒரு நாளைக்கு இரண்டு தடவை அங்கே ஏறி இறங்கும். அடியில் சேறு, கரையோரம் வேர்கள். நண்டுக்கு அதைவிடச் சொகுசான இடம் வேறு இல்லை. சனி, ஞாயிறு ஆனால் ஊரே அங்கே வந்துவிடும். மடக்கு நாற்காலி, தொப்பி, பிள்ளைகள், ஒரு வாளி. நீளமான கயிற்றின் நுனியில் கோழிக்கழுத்தையோ மீன்தலையையோ கட்டித் தண்ணீரில் போட்டுவிட்டு உட்காருவார்கள். விற்கிற நோக்கமெல்லாம் இல்லை. பொழுதுபோக்குத்தான். பிடித்ததை வீட்டுக்குக் கொண்டுபோவார்கள், இல்லாவிட்டால் படம் எடுத்துவிட்டு மறுபடி ஆற்றிலேயே விடுவார்கள். இதற்கு ஞாயிறு நண்டுச் சங்கம் என்று பெயரும் வைத்து, பல் டாக்டரைத் தலைவராகவும் ஹெட்கிளார்க்கைச் செயலாளராகவும் போட்டிருந்தார்கள்.

அதே வளைவில்தான் அக்காவின் முப்பத்தாறு கூண்டுகளும் கிடந்தன. தண்ணீருக்கு மேலே வெள்ளை மிதவைகள் மட்டும் தெரியும். சங்கத்தாரின் கயிறு கூண்டுக்கயிற்றில் போய்ச் சிக்கும். பிள்ளைகள் இழுத்து இழுத்து அழுவார்கள். "நாம கயிறு போடுறதுக்குள்ள எல்லா நண்டும் அந்தம்மா கூண்டுக்குள்ள போய் உட்கார்ந்துடுதே!" என்று பல் டாக்டர் பல்லைக் கடிப்பார். சங்கத்தாரும் ஒன்றும் உத்தமர்கள் இல்லை. அவர்களில் எவனோ கூண்டைத் தூக்கி நண்டை எடுத்துக்கொண்டான். எவனோ சிக்கிய எரிச்சலில் கயிற்றை அறுத்துவிட்டான். ஒரே வருடத்தில் ஆறு கூண்டுகள் அக்காவுக்கு அடிச்சேற்றோடு போயின. அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை, வேறு ஆறு கூண்டு கட்டி இறக்கினாள்.

தடை வந்தால் பாலத்துக்கு அந்தப் பக்கம் போய்ப் போட்டுக்கொள்ளலாம் என்று மனுவின் ஏழாம் பத்தியில் பெருந்தன்மையாக எழுதியிருந்தார் ஹெட்கிளார்க். எழுதுவதற்கு என்ன, பேனாவுக்கா கை வலிக்கிறது? பாலத்துக்கு அந்தப் பக்கம் தண்ணீர் இழுப்பு அதிகம், மோட்டார் படகுகள் பறக்கிற இடம். அக்காவிடம் இருப்பது துடுப்புப் படகு. வயது அறுபத்து நான்கு, வலது தோள் வேறு பாதிதான் உயரும். வளைவு போனால் தொழில் போயிற்று, அவ்வளவுதான். அது ஹெட்கிளார்க்குக்கும் தெரியும். 'அக்காவும் எத்தனை நாள்தான் சேற்றில் கிடப்பாள்? இனிமேலாவது உட்கார்ந்து சாப்பிடட்டுமே' என்று தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொண்டார். உட்காருகிறாயா என்று அக்காவைக் கேட்டாரா? அதுதான் இல்லை.

சங்கத்தில் அவருக்கு ஏகப்பட்ட பாராட்டு. "கூடப் பிறந்த அக்காவையே எதிர்த்து எழுதியிருக்காருன்னா மனுஷன் எவ்வளவு நேர்மையா இருக்கணும்!" என்றார் பல் டாக்டர். ஹெட்கிளார்க் அடக்கமாகச் சிரித்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்கா வந்தாள். ஞாயிறுதோறும் வருவதுதான், தம்பி வீட்டுக்கென்று நாலு நல்ல நண்டு எடுத்து, கொடுக்கைக் கட்டி, ஈரச்சாக்கில் சுற்றிக் கொண்டுவருவாள். இங்கே ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். இந்த இரண்டு வருடத்தில் ஹெட்கிளார்க் தன் கயிற்றில் பிடித்த நண்டுகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். அவர் வீட்டுச் சட்டியில் வெந்ததெல்லாம் அக்காவின் கூண்டில் விழுந்தவை.

ரப்பர் பூட்ஸை வாசலிலேயே கழற்றிவிட்டு, சமையலறைத் தொட்டியில் சாக்கை வைத்தாள் அக்கா. கையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்:

"படகுத்துறையில நோட்டீஸ் ஒட்டியிருக்காங்கடா. வர்ற வியாழக்கிழமை விசாரணையாம். மனுவையும் கூடவே ஒட்டியிருக்காங்க."

ஹெட்கிளார்க்கின் முகத்தில் ஈயாடவில்லை.

"முழுசா நின்னு படிச்சேன். ரொம்ப அழகா எழுதியிருக்கு. 'மேற்படி வளைவின் இயற்கை எழில்'னு ஒரு இடத்துல வருது பாரு, அதைப் படிச்ச உடனேயே தெரிஞ்சுபோச்சு, இது நம்ம ஆள் எழுத்துதான்னு."

"அக்கா, அது வந்து... உனக்கும் வயசாகுதுல்ல..."

"வயசு உனக்கும்தான் ஆகுது. நான் உன் நாற்காலியைப் பிடுங்கச் சொல்லி மனு போட்டேனா?" குரலை உயர்த்தக்கூட இல்லை. சாக்கை விலக்கிக் காட்டினாள். "இதுல பெரியவன் கொஞ்சம் முரடு. கொடுக்குக்கட்டை அவிழ்க்காம தண்ணியில போடு. போன தடவை மாதிரி அவிழ்த்துவிட்டு வீடெல்லாம் ஓடாதே."

சொல்லிவிட்டுப் பூட்ஸை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் ஹெட்கிளார்க் அன்று நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பார்.

அன்று முழுக்க அவருக்குப் பழைய ஆறே கண்ணுக்குள் நின்றது. அந்த ஆறு எப்பேர்ப்பட்டது தெரியுமா? ஒரு மிதவை கிடையாது, ஒரு மோட்டார் சத்தம் கிடையாது. பள்ளிக்கூடம் விட்டதும் பையை வேரில் மாட்டிவிட்டு அக்காவும் தம்பியும் வளைவில் இறங்குவார்கள். அப்பா ஆலைத் தொழிலாளி, வீட்டில் பல நாள் குழம்புச் சட்டியில் விழுந்ததே இவர்கள் கொண்டுபோன நண்டுதான். அக்கா கயிறு, தம்பி கைவலை. அந்த வேலை அப்படிப் பிரிந்ததற்குக் காரணம் உண்டு. கயிற்றில் தூண்டில் முள் கிடையாது. நண்டு தன் ஆசையால் இரையைப் பற்றிக்கொண்டு வர வேண்டும். கயிற்றை இரண்டு கையாலும் மாற்றி மாற்றி, நிறுத்தாமல், அவசரப்படாமல் இழுக்க வேண்டும். ஒரு நொடி நின்றாலும் அதற்குச் சந்தேகம் வந்துவிடும். தண்ணீர்மட்டம் வந்து வெளிச்சம் பட்டால் விட்டுவிட்டு ஓடிவிடும். அது வெளிச்சத்தைப் பார்க்கிறதற்கு ஒரு சாண் முன்னால், இன்னொருவர் பின்பக்கமாக வலையைக் கொடுத்து அள்ள வேண்டும். ஒற்றை ஆளாகவும் செய்யலாம், யார் வேண்டாம் என்றார்கள்? வலையை எடுக்கக் கையை விட்டதும் நண்டும் விட்டுவிடும். பத்தில் ஒன்று கிடைத்தால் புண்ணியம்.

அக்கா இழுக்கிறபோது கயிறு நகர்கிறதா இல்லையா என்றே தெரியாது. மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பாள். மூக்கு நுனியில் வியர்வை நிற்கும். திடீரென்று மெதுவாக "ம்" என்பாள். அந்த ஒரு எழுத்துத்தான் உத்தரவு. தம்பி வலையைக் கொடுத்து அள்ளினால் உள்ளே கொழுத்த நண்டு கொடுக்கை விரித்துக்கொண்டு கிடக்கும். உடனே இரண்டு பேரும் கத்துகிற கத்தலில் எதிர்க்கரைக் கொக்கெல்லாம் எழும்பிப் பறக்கும். அந்த "ம்" என்பதைக் கேட்டபிறகு வலை தவறியது அவருக்கு நினைவே இல்லை. முப்பத்தாறு வருடம் நகரத்து அலுவலகத்தில், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கண் சொருகுகிற நேரத்தில், எத்தனை தடவை அந்த வளைவுக்குப் போய் வந்திருப்பார்! திரும்பி வந்தால் அங்கே வெள்ளை வெள்ளையாக முப்பத்தாறு மிதவை. ஆத்திரம் வராதா?

பதினேழு வயதில் கல்லூரிக்குப் போனார், அதற்குப் பிறகு கூண்டு வந்தது, ஆறு கெட்டது. அவருக்கு நினைவிருந்தது அவ்வளவுதான். நினைவில் வைத்துக்கொள்ள வசதியாக இருந்ததும் அவ்வளவுதான்.

வியாழக்கிழமை மீன்துறை அலுவலகத்தின் நீள மேஜையைச் சுற்றிச் சங்கத்தார் பதினைந்து பேர் வந்து உட்கார்ந்தார்கள். மேலே மின்விசிறி முனகிக்கொண்டு சுற்றியது. ஜன்னலுக்கு வெளியே படகுத்துறை. அக்கா மேஜையின் மறுகோடியில் தனியாக உட்கார்ந்திருந்தாள். கையில் ஒரு பிளாஸ்டிக் உறை, அதற்குள் உரிமச் சீட்டு. விரல்களில் கம்பி கீறிய பழைய வெட்டுக்காயங்கள் வரிவரியாகத் தெரிந்தன. அதிகாரி ஓர் இளம்பெண். கோப்புகளை எழுத்து விடாமல் படிக்கிற ரகம்.

பல் டாக்டர் நன்றாகவே பேசினார். பிள்ளைகள், ஓய்வு, குடும்பங்கள் கூடுகிற இடம் என்றெல்லாம் அடுக்கினார். அதிகாரி அக்கா பக்கம் திரும்பினார்.

"நீங்க ஏம்மா கூண்டு போடுறீங்க? அவங்களை மாதிரி கயிறு போடக் கூடாதா?"

"கயிறுக்கு ரெண்டு ஆள் வேணும் மேடம். எனக்கு ஆள் இல்லை. கூண்டுன்னா கூப்பிட்டா வரும், கோவிச்சுக்காது, லீவு கேக்காது."

எல்லோரும் சிரித்தார்கள். ஹெட்கிளார்க் மேஜையில் இருந்த ஒரு கீறலை நகத்தால் சுரண்டினார்.

"இதுல ஒரு விதி இருக்கு" என்றார் அதிகாரி. "ஒரே இடத்துல முப்பது வருஷத்துக்கு மேல விடாம தொழில் செஞ்சவங்களை, அவங்க இருக்கிற வரைக்கும் அங்கேருந்து எழுப்ப முடியாது. உங்க உரிமம் எந்த வருஷத்துலேருந்தும்மா இருக்கு?"

"இந்தச் சீட்டு பத்தொன்பது வருஷம் மேடம். அதுக்கு முந்தின பதிவெல்லாம் உங்க ஆபீஸ்லதான் இருந்துச்சு. வெள்ளத்துல போயிடுச்சுன்னாங்க."

"அப்போ முப்பது வருஷம்னு காட்ட எதுவும் இல்லை?"

"இல்லை மேடம்."

பல் டாக்டர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். வேலை முடிந்தது என்று அவருக்குத் தோன்றிவிட்டது. அதிகாரி மனுவைப் புரட்டிக்கொண்டே வந்தவர் ஓர் இடத்தில் நின்றார். பிறகு சத்தமாகவே படித்தார்: "'நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பு ஒரு தனிநபரால் இவ்வளைவில் முதல் கூண்டு இறக்கப்பட்டு, அன்று தொட்டு இன்றுவரை ஒரு நாளும் இடைவிடாது இத்தொழில் நடைபெற்று வருவதால், நண்டுவளம் சொல்லொணா அழிவுக்கு உள்ளாகியுள்ளது.' மூணாவது பத்தி. இதை எழுதினது யாரு?"

ஹெட்கிளார்க்குக்கு உடம்பெல்லாம் குப்பென்று வியர்த்தது. முப்பத்தாறு வருடம் அடுத்தவன் மனுவில் ஓட்டை பிடித்த மகாராஜா, சேதாரம் பெரிதாகத் தெரியட்டும் என்று வருடக் கணக்கைத் துல்லியமாகப் போட்டு, இடைவிடாது என்று அழுத்தியும் எழுதி, எதிராளிக்கு அத்தாட்சிப் பத்திரம் தயாரித்துக் கொடுத்திருக்கிறார்! அதுவும் அறுபத்துமூன்று பேர் கையெழுத்தோடு!

"நான்தான்" என்றார்.

"முதல் கூண்டு இறங்கினது நீங்க நேர்ல பார்த்ததா சார், இல்லை கேள்விப்பட்டதா? கேள்விப்பட்டதுன்னா நான் எடுத்துக்க முடியாது. பார்த்ததுன்னா விஷயமே வேற."

பல் டாக்டர் அவர் பக்கம் சாய்ந்தார். "கேள்விப்பட்டதுன்னு சொல்லிடுங்க சார். ஒரே வார்த்தை. முடிஞ்சது" என்று காதோடு சொன்னார்.

அதற்குள் மேஜைக் கோடியிலிருந்து அக்காவின் குரல் வந்தது.

"அவனைக் கேக்காதீங்க மேடம். அவன் அப்போ ஊர்லயே இல்லை. படிக்கப் போயிட்டான். அவனுக்கு ஒண்ணும் தெரியாது."

சொல்லிவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். ஹெட்கிளார்க் அக்காவையே பார்த்தார். அடி பாவி, உன் பிழைப்பே இந்த ஒரு பதிலில் தொங்குகிறது, இப்போதுமா என்னைக் காப்பாற்றுகிறாய்? எதிரில் இருந்த தண்ணீரை எடுத்து ஒரே மூச்சில் குடித்தார்.

"இருந்தேன் மேடம்" என்றார்.

"சார்!" என்றார் பல் டாக்டர்.

"ஊர்லதான் இருந்தேன். காலேஜ் சேர்ந்து முதல் லீவு. கூடப் படிக்கிற பையன் ஒருத்தனையும் கூட்டிட்டு வந்திருந்தேன். பெரிய இடத்துப் பையன். அக்கா மூணு மாசமா எனக்காகக் காத்துட்டு இருந்தா. மீன்தலை எல்லாம் கட்டி ரெடியா வச்சிட்டு, வலையைக் கொண்டுவந்து என் கையில கொடுத்தா. 'வாடா, தண்ணி ஏறுது'ன்னா. அந்தப் பையன் பக்கத்துல நின்னு பார்த்துட்டு இருந்தான். எனக்கு மானம் போயிடுச்சு. 'எனக்கு இந்தப் பழக்கமெல்லாம் இல்லை, நீ வேற ஆளைப் பாரு'ன்னு சொல்லிட்டேன். யாரோ வேலைக்காரிகிட்ட சொல்ற மாதிரி சொன்னேன்."

கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"எட்டு நாள் இருந்தேன். ஒரு நாள்கூட அவகூட இறங்கலை. காலேஜுக்குத் திரும்பற அன்னைக்கு பஸ் பாலத்து மேல வந்தது. ஜன்னல் வழியாப் பார்த்தேன். அக்கா மட்டும் தனியா இடுப்பளவு தண்ணியில நின்னு, ஒரு கம்பிக்கூண்டை இறக்கிட்டு இருந்தா. இந்த வளைவுல விழுந்த முதல் கூண்டு அதுதான் மேடம். நானே என் கண்ணால பார்த்தேன். எழுதிக்கோங்க."

"அதுக்கப்புறம் இடைவிடாம நடந்ததுக்குத்தான் அறுபத்துமூணு பேர் கையெழுத்து இருக்கே" என்று சொல்லி அதிகாரி எழுதிக்கொண்டார். கையெழுத்துப் போடச் சொன்னார். ஹெட்கிளார்க் போட்டார். அக்கா இருக்கிற வரைக்கும் வளைவில் கூண்டு போடலாம், சங்கத்தார் கரையோரத்தில் கயிறு போட்டுக்கொள்ளலாம், இனி கூண்டுக்கயிற்றில் கை வைத்தால் அபராதம் என்று தீர்ப்பாயிற்று.

"செயலாளர்னு உங்களைப் போட்டோம் பாருங்க, எங்களைச் சொல்லணும்" என்று சொல்லிவிட்டுப் பல் டாக்டர் விறுவிறுவென்று வெளியேறினார். மற்றவர்களும் ஒருவர் பின் ஒருவராகப் போனார்கள். அதில் இரண்டு பேர் மட்டும் போகிறபோது அக்காவைப் பார்த்துத் தலையசைத்தார்கள்.

ஹெட்கிளார்க் துறைக்கு வந்தபோது அக்கா பூட்ஸை மாட்டிக்கொண்டு படகின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் ஏறத் தொடங்கியிருந்தது.

"ஏன்டா அதையெல்லாம் அத்தனை பேர் முன்னாடி போட்டு உடைச்ச? பார்த்தேன்னு ஒரு வார்த்தை சொன்னா போதாதா?"

"நீ ஏன்க்கா நான் ஊர்ல இல்லைன்னு சொன்ன?"

"பின்னே? பெரிய உத்தியோகம் பார்த்துட்டு வந்திருக்க. நாலு பேர் மதிக்கிறாங்க. உன்னைப் போய் நிக்கவச்சுக் கேள்வி கேட்டா எனக்கு நல்லாவா இருக்கும்?"

அவருக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. அறுபத்திரண்டு வயதுக் கிழவர் துறைக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு விசும்பி அழுதார். அக்கா பார்த்துக்கொண்டு நின்றாள். அழுது முடிக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

"மன்னிச்சுடுக்கா."

"சரி போ. அதெல்லாம் அன்னைக்கே மன்னிச்சாச்சு. கூண்டு இறக்கின அன்னைக்கே. கோவத்தை வச்சுக்கிட்டா கூண்டைத் தூக்க முடியுமா?"

மூக்கை உறிஞ்சிக்கொண்டு, படகின் விளிம்பைப் பிடித்தபடி கேட்டார்: "இன்னைக்கு நான் உன்கூட வரட்டுமா? துடுப்புப் போடுறேன். கூண்டு தூக்குறேன். என்ன சொல்றியோ செய்யறேன்."

அக்கா அந்த யோசனையை உடனே தள்ளிவிடவில்லை. படகைப் பார்த்தாள், தம்பியைப் பார்த்தாள், நிஜமாகவே யோசித்தாள்.

"வேணாம்டா" என்றாள். "எனக்கு இப்போ தனியாத்தான் செய்ய வரும். நாப்பத்தஞ்சு வருஷமாச்சுல்ல. பக்கத்துல ஆள் இருந்தா கை எங்க வைக்கிறதுன்னே தெரியாது."

கோபத்தில் சொல்லவில்லை. குத்திக்காட்டவும் இல்லை. தோள் வலிக்கிறது என்பதைப் போல, உள்ளதை உள்ளபடி சொன்னாள். "வெயில் ஏறுது. நீ வீட்டுக்குப் போய் முகம் கழுவு. ஞாயித்துக்கிழமை வர்றேன்" என்று துடுப்பால் கரையை ஓர் உந்து உந்தினாள்.

ஹெட்கிளார்க் வீட்டுக்குப் போகவில்லை. அக்கா வளைவுக்குப் போனாள். இடது கையால் மிதவையைப் பிடித்து, கயிற்றை முழங்காலில் முட்டுக்கொடுத்து, நல்ல தோளால் கூண்டைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏற்றினாள். சின்ன நண்டுகளைப் பொறுக்கித் தண்ணீரில் விட்டாள், மற்றதை எடுத்தாள், புது இரை வைத்தாள், கூண்டை மறுபடி இறக்கினாள். பிறகு அடுத்த மிதவை. பிறகு அதற்கடுத்தது. முப்பத்தாறும் முடிகிறவரை அவர் துறையில் நின்றார். அக்கா எப்படி வேலை செய்கிறாள் என்பதை அவர் முழுவதும் பார்த்தது அன்றைக்குத்தான்.